புது கேம் விளையாட கிராபிக்ஸ் காட் மாத்தப் போறீங்களா, முதல் கேசிங்கத் திறந்து பாருங்கோ

அக்காட மகன் ஒரு வருசமா சின்னப் பிள்ளையளுக்கு ரியூசன் குடுத்துச் சேத்த காசில ஒரு கிராபிக்ஸ் காட் (கேமின்ர படத்த ஸ்க்ரீனுக்கு வரைஞ்சு குடுக்கிற பகுதி) வாங்கிக்கொண்டு வெள்ளவத்தையில எங்கட வீட்டுக்கு வந்தான். கையில பெரிய பெட்டி, முகமெல்லாம் சந்தோசம். "மாமா, இத ஒருக்கா பூட்டித் தாங்கோ" எண்டான். அவன்ர கொம்பியூட்டர் ஒரு டெல் ஒப்டிபிளெக்ஸ், எங்கயோ ஒஃபிஸில பாவிச்சு முடிச்சு வித்தது, ஒடுங்கின சின்னச் சைஸ். மூடியக் கழட்டி காட்டப் பக்கத்தில வச்சுப் பாத்தம். காட்டின்ர பின் தகடு கேசிங்கில இருக்கிற துளைய விட ரெண்டு மடங்கு உயரம், நீளத்திலயும் ஹாட் டிஸ்க் கூட்டோட இடிக்குது. அவன் ஒண்டும் கதைக்கேல்ல, காட்டத் திருப்பி அந்தக் கறுப்புப் பைக்குள்ள வச்சான். சீல் உடைச்சதால கடைக்காரரும் திருப்பி எடுக்க மாட்டம் எண்டிட்டினம்.

இப்பிடி வாற மூண்டாவது ஆள் இவன். எல்லாரும் காட்டப் பற்றி மாசக்கணக்கா யூடியூப் பாத்திருக்கினம், ஆனா தங்கட கேசிங்க ஒருத்தரும் திறந்து பாக்கேல்ல. அதால நான் சொல்லுற ஒழுங்கு தலைகீழா இருக்கும், காட் கடைசியிலதான் வரும், முதல் நீங்க வச்சிருக்கிற மெசின்.

முதல், என்ன இருக்கெண்டு பாருங்கோ

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூண்டையும் சேத்து அமத்தினா டாஸ்க் மனேஜர் வரும், அதில பெர்ஃபோமன்ஸ் எண்ட இடத்தில சிபியு (மெசினின்ர மூளை), றாம் (மெசினின்ர வேலை மெமரி), ஜிபியு (கிராபிக்ஸ் காட்டின்ர சிப்) எல்லாத்தின்ர பேரும் இருக்கும். போனில ஒரு படம் எடுத்து வையுங்கோ, கடைக்குப் போகேக்க உதவும். மதர்போட்டின்ர, அதாவது எல்லாம் பூட்டியிருக்கிற பெரிய பலகையின்ர, பேருக்கு விண்டோஸ் தேடலில எம்எஸ்இன்ஃபோ32 எண்டு அடிச்சா வரும்.

பிறகு கொம்பியூட்டர ஓஃப் பண்ணி வயரக் கழட்டிப்போட்டு பக்கத்து மூடியத் திறவுங்கோ. மதர்போட்டில ஆக நீளமா ஒரு ஸ்லொட் தெரியும், அதுதான் பிசிஐ எக்ஸ்பிரஸ் 16, காட் அதிலதான் இருக்கப் போகுது. அந்த ஸ்லொட்டுக்கு நேரா பின் தகட்டில இருந்து முன்பக்க ஃபான் இல்லாட்டி ஹாட் டிஸ்க் கூடு வரைக்கும் எத்தனை சென்டிமீட்டர் எண்டு அடிமட்டம் வச்சு அளவுங்கோ. ரெண்டு ஃபான் காட் கனக்க 20இல இருந்து 25 சென்டிமீட்டர் வரும், மூண்டு ஃபான் எண்டா 30உம் தாண்டும். ஒவ்வொரு மொடலின்ர சரியான நீளமும் கொம்பனியின்ர சைட்டில மில்லிமீட்டரில இருக்கும், அதோட ஒப்பிட்டுப் பாருங்கோ. தடிப்பையும் பாருங்கோ, இப்ப வாற காட் அநேகமா ரெண்டு ஸ்லொட் இடம் பிடிக்கும்.

கொழும்பில கன பேரின்ர வீட்டில இருக்கிறது இந்த ஒஃபிஸ் மெசின்தான், டெல், எச்பி, லெனோவோ. நல்ல உறுதியான சாமான், குறை சொல்ல ஏலாது, ஆனா கேம் காட் போடுறதுக்கு ரெண்டு தடை இருக்கு. சின்னச் சைஸ் கேசிங் எண்டா லோ புரொஃபைல் எண்டு சொல்லுற கட்டைக் காட் மட்டும்தான் போகும். மற்றது பவர் சப்ளை, அதாவது மெசினுக்குக் கரண்ட் பிரிச்சுக் குடுக்கிற பெட்டி, 240, 255 வொட் அளவிலதான் குடுத்திருப்பினம், காட்டுக்கெண்டு தனி வயரும் வராது. பெரிசா மாத்துவம் எண்டு பாத்தா, கன மொடலில மதர்போட்டுக்குப் போற வயரின்ர பிளக்கே வேற மாதிரி, கடையில விக்கிற சாதாரண பவர் சப்ளை கொழுவாது, தனியா ஒரு கன்வேட்டர் வயர் தேட வேணும்.

பவர் சப்ளை, இதில அவசரப்பட வேண்டாம்

இந்தப் பகுதிய மட்டும் ரெண்டு தரம் வாசியுங்கோ எண்டு கேக்கிறன், ஏனெண்டா இதில விட்ட பிழை காட்டோட நிக்காது, மதர்போட்டையும் கொண்டு போகும்.

என்ர அனுபவத்தையே சொல்லுறன். சில வருசத்துக்கு முந்தி ஏஎம்டி கொம்பனியின்ர ஆர்எக்ஸ் 580 காட் ஒண்டு செக்கன் ஹாண்டில எடுத்தன். கேசிங்கோட சேத்துத் தந்த பவர் சப்ளைதான் இருந்தது, வெளியில பெரிய எழுத்தில 500 வொட் எண்டு ஒட்டியிருந்தது, 580க்கு 185 வொட்தானே, தாராளம் எண்டு நினைச்சன். கேம் தொடங்கி பத்து நிமிசத்தில டப் எண்டு ஒரு சத்தம், ஸ்க்ரீன் கறுப்பு, பின்னால எரிஞ்ச மணம், அறை முழுக்க. கழட்டி எடுத்து ஸ்டிக்கர வடிவா வாசிச்சாப் பிறகுதான் விளங்கினது, 12 வோல்ட் எண்டு போட்டிருந்த இடத்தில 18 அம்பியர்தான். 12ஐ 18ஆல பெருக்கினா 216 வொட். காட் 185, என்ர சிபியு கோர் ஐ5 4590 ஒரு 84, கூட்டினா 269. அந்தப் பெட்டியால குடுக்க முடியாதத நான் கேட்டிருக்கிறன்.

அதால பெரிய எழுத்தப் பாக்காதேங்கோ, ஸ்டிக்கரில 12 வோல்ட் வரியப் பாருங்கோ. கிராபிக்ஸ் காட்டும் சிபியுவும் குடிக்கிறது அந்த வரியாலதான். அம்பியர 12ஆல பெருக்குங்கோ, அதில வாற கணக்குத்தான் உங்கட உண்மையான பலம். சில சப்ளையில 12 வோல்ட் ரெண்டு மூண்டு வரியாப் பிரிச்சுப் போட்டிருப்பினம், அத அப்பிடியே கூட்டக் கூடாது, எல்லாத்துக்கும் சேத்து எத்தனை வொட் எண்டு கீழ தனியா எழுதியிருக்கும், அதத்தான் எடுக்க வேணும். கையில தூக்கிப் பாத்தாலே ஓரளவு தெரியும், நல்ல சப்ளை கனமா இருக்கும்.

காட்டுக்கு கரண்ட் எங்கால வருகுதெண்டும் தெரிஞ்சிருக்க வேணும். ஸ்லொட்டால ஆகக்கூட 75 வொட், 6 பின் (பிளக்கில 6 ஊசி) வயரால இன்னொரு 75, 8 பின் வயரால 150. என்விடியா கொம்பனியின்ர ஜிடிஎக்ஸ் 1650இல சில மொடல், ஆர்டிஎக்ஸ் 3050இல 6 ஜிபி மொடல், இதெல்லாம் 75க்குள்ள நிக்கிறதால தனி வயரே தேவையில்ல, 3050 6 ஜிபிக்கு 70 வொட்தான். அதுக்கு மேல போனா வயர் வேணும். ஆர்எக்ஸ் 6600 ஒரு 132 வொட், கொம்பனியே 450 வொட் சப்ளை வைக்கச் சொல்லுது. ஆர்டிஎக்ஸ் 3060 ஒரு 170, ஆர்டிஎக்ஸ் 4060 ஒரு 115, இந்த ரெண்டுக்கும் 550 எண்டு போட்டிருக்கு. ஹாட் டிஸ்க்குக்குப் போற வயரில இருந்து 8 பின்னா மாத்துற அடப்டர் ஒண்டு பெட்டா பக்கம் மலிவா எடுக்கலாம், தயவுசெய்து அதப் பாவிக்காதேங்கோ, அந்த மெல்லிய வயர் சூடாகி உருகினத நான் கண்ணால கண்டிருக்கிறன். கையில காசு அளவாத்தான் இருக்கெண்டா காட்டில ஒரு படி இறங்குங்கோ, சப்ளையில இறங்க வேண்டாம்.

யுபிஎஸ் வச்சிருக்கிறவைக்கு ஒரு விசயம். வீட்டுகளில இருக்கிற 650 விஏ யுபிஎஸ் 360, 390 வொட் அளவுதான் தாங்கும். புதுக் காட் போட்டு கேம் ஓடேக்க கரண்ட் போனா யுபிஎஸ் பிடிக்காம மெசினும் சேந்து நிக்கலாம், அது காட்டின்ர பழுதில்ல.

சிபியு ஈடு குடுக்குமா

காட் மாத்தினா எல்லாம் பறக்கும் எண்டு நினைக்கிறது பிழை, சிபியு பழசெண்டா காட் அதுக்காகக் காத்துக்கொண்டிருக்கும். இதக் கண்டுபிடிக்க காசு செலவழிக்கத் தேவையில்ல. இப்ப இருக்கிற காட்டோடயே கேம ஓட விட்டு, செட்டிங்கில ரெசலூசன 1080இல இருந்து 720க்குக் குறையுங்கோ. வேகம் நல்லாக் கூடினா காட்தான் தடையா இருந்தது, அப்ப மாத்தினா பிரயோசனம் இருக்கு. வேகம் அப்பிடியே நிண்டா தடை சிபியுவில, புதுக் காட் போட்டும் பெரிசா ஒண்டும் நடக்காது. றாம் 8 ஜிபி ஒரே துண்டில இருந்தா முதல் அதே மாதிரி இன்னொண்டு போட்டு 16 ஆக்குங்கோ, அதுக்கே சில கேம் விக்கி விக்கி ஓடுறது நிண்டிடும்.

எந்தக் காட்

கேமின்ர பேரச் சொல்லிக்கொண்டு தெரிவு செய்யுங்கோ. நீங்க விளையாடுறது வலொரண்ட், சிஎஸ் 2, ஜிடிஏ 5 மாதிரி எண்டா பெரிய காட் தேவையே இல்ல. புதுசு வேணும் எண்டாத்தான் கவனமா இருக்க வேணும், ஏனெண்டா இப்ப சில கேம் வேகத்த மட்டும் பாக்கிறேல்ல, காட்டுக்குள்ள ரே ட்ரேசிங் (வெளிச்சமும் நிழலும் உண்மை மாதிரி விழக் கணக்குப் போடுறது) செய்யிற பகுதி இருக்கா எண்டும் பாக்குது. 2024 டிசம்பரில வந்த இண்டியானா ஜோன்ஸ் கேம், 2025 மேயில வந்த டூம் த டார்க் ஏஜஸ், இந்த ரெண்டுக்கும் அது கட்டாயம். ஜிடிஎக்ஸ் எண்டு தொடங்கிற காட் ஒண்டிலயும் அது இல்ல, 1080 டிஐ மாதிரி ஒரு காலத்தில ராசாவா இருந்த காட்டிலயும் இல்ல. இண்டியானா ஜோன்ஸுக்கு ஆகக் குறைஞ்சது எண்டு போட்டிருக்கிறது ஆர்டிஎக்ஸ் 2060 சூப்பர், ஆர்எக்ஸ் 6600. அதால புதுக் கேமுக்கெண்டு இண்டைக்குக் காசு போடுறவர் ஜிடிஎக்ஸ் பக்கம் போக வேண்டாம் எண்டதுதான் என்ர முடிவான அபிப்பிராயம், எவ்வளவு மலிவாக் கிடைச்சாலும்.

மெமரி விசயத்திலயும் ஆக்கள் ஏமாறுகினம். 4 ஜிபி காட் எண்டு ஜிடி 730ஐ வித்துப்போடுவினம், கேட்டவர் ஜிபி பெரிசு, அப்ப காட்டும் பெரிசு எண்டு நினைப்பார். அது 2014இல வந்த சின்னக் காட், அதில எத்தனை ஜிபி போட்டாலும் புதுக் கேம் ஓடாது. காட்டின்ர பலம் மொடல் நம்பரில இருக்கு. ஆனா பலமான காட் எடுக்கேக்க மெமரியும் 8 ஜிபிக்குக் குறையாமப் பாருங்கோ, 12 எண்டா இன்னும் நல்லம்.

உங்கட மதர்போட் பழசெண்டா இதையும் கவனியுங்கோ. ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி எண்டு ஒரு காட், பாக்க 16 ஸ்லொட் நீளம், ஆனா உள்ளுக்கு டேட்டா போக 4 பாதைதான் பாவிக்குது. பிசிஐ எக்ஸ்பிரஸ் 4ஆம் தலைமுறை போட்டில பரவாயில்ல, 3ஆம் தலைமுறை போட்டில போட்டா நல்லாவே விழுந்திடும், மெமரியும் அநேகமா 4 ஜிபிதான். ஆர்எக்ஸ் 6600உம் ஆர்டிஎக்ஸ் 4060உம் 8 பாதை, பழைய போட்டிலயும் கொஞ்சம்தான் குறையும், பயமில்ல. இன்டெல்லின்ர ஆர்க் காட் விலைக்கு நல்ல சாமான், ஆனா ரீசைசபிள் பார் (காட்டின்ர மெமரி முழுதையும் சிபியு ஒரேயடியாப் பாவிக்கிறது) எண்ட வசதி இல்லாத பழைய போட்டில அத வாங்காதேங்கோ.

மொனிட்டரையும் பாருங்கோ. நீலக் கலர் விஜிஏ வயர் மட்டும் உள்ள பழைய மொனிட்டர் எண்டா புதுக் காட்டில அந்தத் துளையே இல்ல. எச்டிஎம்ஐயும் டிஸ்ப்ளே போட்டும்தான் இருக்கும், கன்வேட்டர் ஒண்டு வாங்க வேண்டி வரும்.

வாங்கப் போறது

பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில மேல கீழ ஏறி இறங்கினா ஒரு மணித்தியாலத்தில அஞ்சாறு கடையின்ர விலை கையில இருக்கும், மஜெஸ்டிக் சிட்டி பக்கத்திலதான், காலி வீதியில எந்த பஸ்ஸில வந்தாலும் இறங்கலாம். கொள்ளுப்பிட்டி லிபர்ட்டி பிளாசாவிலயும் கடையள் இருக்கு. முதல் கடையில சொன்ன விலைய விடியக் கேட்ட டொலர் விலை மாதிரி எடுங்கோ, பின்னேரம் வேற கடையில வேற மாதிரி இருக்கும். 2022 தொடக்கத்தில டொலர் 200 ரூவா சொச்சம் இருந்து அந்த மே மாசத்தில 360 தாண்டினது, 2024 ஜனவரி 1இல வற் வரி 18 வீதமாச்சு, வெளிநாட்டு யூடியூப்பில சொல்லுற விலையோட இஞ்ச வாற விலை ஒத்து வராததுக்கு இதெல்லாம் காரணம். அதால அவங்கட விலைய வச்சுக் கடைக்காரரோட சண்டை பிடிக்காதேங்கோ, இஞ்சத்தைய விலைய இஞ்சத்தைய விலையோடயே ஒப்பிடுங்கோ.

பில் எடுக்கேக்க மூண்டு விசயம் கேளுங்கோ. வாரண்டி எத்தனை நாள், சில கடையில ஒரு வருசம் எண்டா பில்லில 350 நாள் எண்டு போட்டிருப்பினம். துரு, எரிஞ்ச அடையாளம் இருந்தா வாரண்டி போகுமா, கூடுதலா ஓம் எண்டுதான் சொல்லுவினம். பொருந்தேல்ல எண்டா சீல் உடைக்காமக் கொண்டு வந்தா மாத்தித் தருவீங்களா. கடைசிக் கேள்விக்கு வாற பதில பில்லிலயே எழுதித் தரச் சொல்லுங்கோ, அக்காட மகன் அதக் கேட்டிருந்தா அண்டைக்கு அந்த முகத்த நான் பாத்திருக்க மாட்டன்.

இக்மன் சைட் மாதிரி இடத்தில செக்கன் ஹாண்ட் எடுக்கிறதும் நல்லம்தான், நானும் எடுத்திருக்கிறன், ஆனா ஓடுறதக் காட்டாம காசு குடுக்க வேண்டாம். விக்கிறவரின்ர வீட்டிலயே அவரின்ர மெசினில பூட்டிக் காட்டச் சொல்லுங்கோ. காட்டின்ர விபரம் காட்டுற ஜிபியு இசட் எண்ட சின்ன சொஃப்ட்வெயர பென் டிரைவில கொண்டு போங்கோ, இலவசம். பழைய காட்டுக்கு பயோஸ் (உள்ளுக்கு எழுதியிருக்கிற சொஃப்ட்வெயர்) மாத்திப் புதுப் பேர் வச்சு விக்கிறவை இருக்கினம், அப்பிடியான கனக்க காட்டில அது காட்டின்ர பேருக்கு முன்னால ஃபேக் எண்டே போட்டுக் காட்டும். 1050 டிஐ எண்டு விக்கிற காட்டில விஜிஏ துளை இருந்தா அப்பவே சந்தேகப்படுங்கோ, அந்தத் தலைமுறை சிப்பில விஜிஏ இல்ல. ஆர்எக்ஸ் 580 எடுக்கிறதெண்டா 2048 எஸ்பி எண்டு போட்டிருக்கா எண்டு பாருங்கோ, அது பேர் ஒண்டெண்டாலும் 2304 கோர் உள்ள உண்மையான 580ஐ விடக் குறைஞ்சது. பிறகு காட்டுக்கு முழு வேலை குடுக்கிற ஃபர்மார்க் எண்ட சொஃப்ட்வெயர ஒரு பத்து நிமிசம் ஓட விட்டு, ஸ்க்ரீனில புள்ளி கோடு வருகுதா, ஃபான் கரகரக்குதா, சூடு எங்க போய் நிக்குது எண்டு பாத்துக்கொண்டிருங்கோ. மைனிங்கில (கிரிப்டோ காசு உண்டாக்க இரவு பகலா ஓட விடுறது) பாவிச்சதா எண்டு கேளுங்கோ, 2022 செப்டம்பரில எதீரியம் எண்ட கிரிப்டோ காசு கிராபிக்ஸ் காட் தேவையில்லாத முறைக்கு மாறினாப் பிறகு அப்பிடியான காட் கனக்க சந்தைக்கு வந்தது. ஓடினதெல்லாம் பழுதெண்டில்ல, ஃபானும் தேமல் பேஸ்ட்டும் (சிப்பின்ர சூட்டக் கடத்துற பசை) மாத்த வேண்டி வரும் எண்டு கணக்குப் போட்டு விலையக் குறைச்சுக் கேளுங்கோ.

பூட்டுறது

அக்காட மகன் கடைசியா அந்தக் காட்ட விக்கேல்ல. ரெண்டு மாசம் பொறுத்து சாதாரண மதர்போட்டோட ஒரு பெரிய கேசிங் மெசின் செக்கன் ஹாண்டில எடுத்தான், போன ஞாயிறு எங்கட சாப்பாட்டு மேசையில வச்சு ரெண்டு பேருமாப் பூட்டினம். அவனத்தான் செய்ய விட்டன், நான் பக்கத்தில இருந்து சொன்னதுதான், அதையே இஞ்சயும் சொல்லுறன்.

மெசின ஓஃப் பண்ண முதல் பழைய காட்டின்ர டிரைவர (காட்ட விண்டோஸோட சேத்து வேலை செய்ய வைக்கிற சொஃப்ட்வெயர்) எடுத்து விடுங்கோ, என்விடியாவில இருந்து ஏஎம்டிக்கு, இல்லாட்டி அங்கால இருந்து இஞ்சால மாறுறதெண்டா விண்டோஸ சேஃப் மோடில திறந்து டிடியு எண்ட சொஃப்ட்வெயரால துடைக்கிறது நல்லம். பிறகு ஓஃப் பண்ணி, சுவரில இருந்து பிளக்கக் கழட்டி, பவர் பட்டன ஒரு பத்து செக்கன் அமத்திப் பிடிச்சு மிச்சக் கரண்டையும் போக்குங்கோ. கேசிங்கின்ர இரும்பில ஒருக்கா கைய வச்சிட்டுத் தொடங்குங்கோ.

பழைய காட் இருந்தா பின் தகட்டில ஸ்குரூ, பிறகு ஸ்லொட்டின்ர நுனியில ஒரு சின்னக் கொழுக்கி, அத விரலால தள்ளிப் பிடிச்சுக்கொண்டு நேரா மேல தூக்க வேணும், கொழுக்கிய விட மறந்து இழுத்தா ஸ்லொட் உடையும். எங்கட மெசினில ஸ்குரூ ரெண்டும் துருப்பிடிச்சு இறுகிப் போயிருந்தது, முந்தி வச்சிருந்தவர் கடற்கரைப் பக்கமாம். அவன் பலமாத் திருக வெளிக்கிட்டான், "பொறு தம்பி, தலை போயிடும்" எண்டு சொல்லி, சரியான சைஸ் ஸ்குரூ டிரைவர நேரா வச்சு, உள்ள அமத்திக்கொண்டு ஆறுதலாத் திருகச் சொன்னன், கிரீக் எண்டு ஒரு சத்தத்தோட விட்டது. ஸ்லொட்டுக்குள்ள தூசு படிஞ்சு கிடந்தது, காஞ்ச பெயின்ட் பிரசால தட்டினம்.

புதுக் காட்ட ரெண்டு ஓரத்திலயும் பிடியுங்கோ, கீழ இருக்கிற தங்கக் கலர்ப் பல்லில விரல் படக் கூடாது. பின் தகடு முதல் சரியா இருக்கா எண்டு பாத்து, ஸ்லொட்டுக்கு நேரா வச்சு, ரெண்டு பக்கமும் ஒரே அளவில அமத்துங்கோ. கிளிக் எண்டு கொழுக்கி தானா மூடும், அந்தச் சத்தம் வரேல்ல எண்டா இருக்கேல்ல. ஸ்குரூ போடுங்கோ, பிறகு பவர் வயர். பிசிஐ எண்டு எழுதியிருக்கிற 6 கூட்டல் 2 வயர்தான் காட்டுக்கு, 4 கூட்டல் 4ஆ இருக்கிறது சிபியுவின்ர, ரெண்டையும் மாத்தி இறுக்க வேண்டாம், போகேல்ல எண்டா நில்லுங்கோ.

இனி ஆகக் கூடுதலா நடக்கிற பிழை. மொனிட்டர் வயர முந்தி இருந்த இடத்திலயே, மதர்போட்டில கொழுவிப்போட்டு படம் வரேல்ல, காட் பழுது எண்டு கடைக்கு ஓடுறது. காட் பூட்டினாப் பிறகு எச்டிஎம்ஐ வயர் கீழ இருக்கிற காட்டின்ர துளையிலதான் கொழுவ வேணும். அப்பிடியும் படம் இல்ல எண்டா, காட்டத் திருப்பி எடுத்து இருத்துங்கோ, பவர் வயரப் பாருங்கோ, மெசின் மிகப் பழசெண்டா மதர்போட்டின்ர பயோஸ் அப்டேட் இருக்கா எண்டு பாருங்கோ.

படம் வந்திட்டா என்விடியா இல்லாட்டி ஏஎம்டி சைட்டில இருந்து நேரா டிரைவர எடுத்துப் போட்டு ஒருக்கா ரீஸ்டார்ட் பண்ணுங்கோ. மொனிட்டர் 144 ஹேர்ட்ஸ் (செக்கனுக்கு 144 படம்) எண்டா விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்கில போய் அத நீங்கதான் தெரிவு செய்ய வேணும், தானா வராது, கன பேர் வருசக்கணக்கா 60இலயே விளையாடுகினம்.

முதல் நாள் ஒரு மணித்தியாலம் விளையாடிக்கொண்டு சூட்டப் பாருங்கோ. ஏசி இல்லாத கொழும்பு அறையில 70இல இருந்து 80 வரைக்கும் போறது சாதாரணம், 85 தாண்டி நிண்டா கேசிங்குக்குள்ள காத்து ஓடேல்ல, முன்பக்கம் ஒரு ஃபான் போடுங்கோ, கேசிங்க சுவரோட ஒட்டி வைக்காதேங்கோ. கரண்ட் பில்லப் பற்றியும் அம்மா அப்பா கேப்பினம், 150 வொட் காட் ஒரு நாளைக்கு 3 மணித்தியாலம் ஓடினா மாசம் 13.5 யுனிட், ஆனா இஞ்ச யுனிட் கட்டம் கட்டமா விலை ஏறுறதால உங்கட வீடு ஒரு கட்டத்தின்ர ஓரத்தில நிண்டா அந்தக் கொஞ்சமே பில்ல அடுத்த கட்டத்துக்குத் தள்ளிப்போடும், போன மாசப் பில்ல ஒருக்கா எடுத்துப் பாருங்கோ.

வெள்ளவத்தை, தெகிவளை, மரைன் டிரைவ் பக்கம் இருக்கிறவை ஆறு மாசத்துக்கு ஒருக்கா காட்டக் கழட்டிப் பாக்கிறது நல்லம். உப்புக் காத்து அந்தத் தங்கப் பல்லில மங்கலா ஒரு படை பிடிக்கும், பச்சை நிறத்தில சின்னப் புள்ளியும் வரும், திடீரெண்டு படம் வராமப் போறதுக்கு கன நேரம் அதுதான் காரணம். வெள்ளை அழிறப்பரால மெல்லமாத் தேச்சு, ஐசோபுரொப்பைல் அல்ககோல் தொட்ட துணியால துடைச்சு, நல்லாக் காஞ்சாப் பிறகு திருப்பிப் பூட்டுங்கோ.